ஒரு உடம்புக்கு ஒரு கட்டு

சிவபாலனுக்கு ரத்தக்கட்டு என்று பிள்ளையார்பாளையத்தில் அந்தச் சந்து முழுக்கச் செய்தி பரவியதற்குச் சிவபாலனே காரணம். வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. ஏனாத்தூர் போகிற சாலையில் புதிதாகத் திறந்திருந்த பிசியோதெரபி கிளினிக்குக்குப் போய் வந்தவனிடம், அங்கே என்னதான் செய்தார்கள் என்று அவன் மனைவி சங்கரி கேட்டாள். அங்கிருந்த பெண் மூச்சு விடாமல் சொன்ன இங்கிலீஷ் பெயர் அவன் வாயில் நுழையவில்லை. பி.எஃப்.ஆர். என்று மூன்று எழுத்து மட்டும் நினைவில் நின்றது. ரத்தம், அப்புறம் கட்டுவது, இந்த இரண்டும் அதில் வருகிறது என்று தெரியும். தறிக்காரன் நூல் அறுந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு வேலையை ஓட்டிவிடுவான் அல்லவா, அப்படி இவனும் ஒரு தமிழ் முடிச்சுப் போட்டான். ரத்தக்கட்டு என்று சொல்லிவிட்டான்.

சங்கரி கையிலிருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். பக்கத்து வீடு அவள் அண்ணன் லோகேஸ்வரனுடையது. ரத்தக்கட்டு என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? உள்ளே ரத்தம் உறைந்து வீங்கிக் கிடப்பது. காலில் கட்டினது மேலே ஏறினால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று யாரோ செல்போனில் வேறு பார்த்திருந்தார்கள். விளக்கு வைப்பதற்குள் நாலு வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பற்றாகக் கொண்டுவந்தாள். இன்னொருவர் மூசாம்பரம் உரைத்துக் கொடுத்தார். சிவபாலன் விளக்கம் சொல்லப் பார்த்தான். சொல்லச் சொல்ல நோய் பெரிதாகிக்கொண்டே போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைசியில் முழங்காலில் புளிப் பற்றோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

லோகேஸ்வரன் மட்டும் பற்று எதுவும் கொண்டுவரவில்லை. வாசற்படியில் நின்று தங்கை புருஷனின் காலை ஒரு தடவையும் முகத்தை ஒரு தடவையும் பார்த்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். சாமி விஷயத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அந்தக் கடைசிப் பேச்சுதான் சிவபாலனுக்குப் புளிப் பற்றைவிட அதிகமாக எரிந்தது.

சந்தின் கோடியில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. பெரிய பெரிய கோபுரங்கள் இருக்கிற ஊரில் அதைத் தேடி யாரும் பஸ் ஏறி வரப்போவதில்லை. ஆனால் பங்குனி உத்திரத்தன்று காலையில் அந்த முருகன் வள்ளி தெய்வானையோடு புறப்பட்டு நாலு தெரு சுற்றுவார். தேர் கிடையாது, டிராக்டர் கிடையாது. இரண்டு நீளத் தண்டு, எட்டுத் தோள், அவ்வளவுதான். இடப்பக்கத் தண்டின் முன்முனை சிவபாலனுடையது. இருபத்திரண்டு வருஷமாக அவனுடையது. சாமி சந்துக்குள் திரும்புகிற இடத்தில் தரை இடப்பக்கம் மேடாக இருக்கும். அங்கே இடது முன்னால் நிற்பவன் முழங்காலை மடக்கி, தோளைத் தாழ்த்தி, அதே மடக்கிலேயே முப்பது அடி நடக்கவேண்டும். நிமிர்ந்தால் சாமி வலப்பக்கம் சாய்ந்துவிடும். அவன் இடது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காய்ப்பு உண்டு. சட்டை தைக்கிற டெய்லர் அதற்குத் தனியாக அளவு எடுப்பார்.

இப்படிப்பட்டவன் போன வருஷம் காணும் பொங்கலன்று, நாற்பத்தேழு வயதில், தெருப் பிள்ளைகளுக்குக் கபடி ஆடிக் காட்டுகிறேன் என்று லுங்கியை மடித்துக் கட்டினான். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. பாடிக்கொண்டு போனது ஒரே ஒரு தடவை. கால் ஒரு பக்கம் போயிற்று, உடம்பு ஒரு பக்கம் போயிற்று, இடது முழங்காலுக்குள் இருந்த தசைநார் அறுந்தது. ஆபரேஷன் நடந்தது. அந்தப் பங்குனிக்கு அவன் இடத்தில் லோகேஸ்வரன் நின்றான். சாமி வீட்டு வாசலுக்கு வந்தபோது சங்கரி கற்பூரத் தட்டோடு வெளியே போனாள். சிவபாலன் கதவுக்குப் பின்னால் நின்று, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். வலி தாங்காமல் இல்லை. தன் முருகன் வேறொருத்தன் தோளில் போவதை அவனால் பார்க்க முடியவில்லை.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். அடுத்தடுத்து இரண்டு உத்திரம் தண்டு பிடிக்காதவன் இடம், பிடித்தவனுக்கே போய்விடும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால் யாரிடம் போய் மாற்றச் சொல்வது என்றும் தெரியாது. இந்தப் பங்குனியும் விட்டுப்போனால் தோளில் இருக்கிற எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஊறுகாய்தான் போடவேண்டும்.

ஆபரேஷன் முடிந்ததும் தினமும் செய்யச் சொல்லி ஒரு தாளில் பயிற்சி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை அவன் பத்திரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தான். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால் வலது காலாலேயே எல்லா மிதிகளையும் மிதித்துத் தள்ளினான். இடது கால் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா இருந்தது. தை மாதம் போய்க் காட்டியபோது முழங்கால் நன்றாக ஆறிவிட்டது, தொடைதான் கரைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அங்கிருந்துதான் அவனை ஏனாத்தூர் சாலைக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்தவள் தீபிகா. தென்னேரியில் பயிர் வைக்கிற குடும்பத்துப் பெண், இருபத்தாறு வயது. அவன் டாக்டரம்மா என்றதும் தான் டாக்டர் இல்லை, பிசியோ என்று திருத்தினாள். அவன் தலையாட்டிவிட்டு மறுபடியும் டாக்டரம்மா என்றான். அவள் டேப் வைத்து இரண்டு தொடையையும் அளந்தாள். இடது தொடை நாலு சென்டிமீட்டர் குறைவு. ரத்த அழுத்தம் பார்த்தாள். முன்னே எப்போதாவது காலில் ரத்தம் உறைந்ததா, நரம்பு சுருண்டிருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டாள். அப்புறம் ஒரு அகலமான பட்டையை எடுத்து இடது தொடையில், இடுப்பை ஒட்டிச் சுற்றினாள். கணுக்காலில் ஒரு சின்னக் கருவியை வைத்துக் கேட்டுக்கொண்டே பட்டையில் காற்றை ஏற்றினாள். எந்த அளவில் ரத்தம் முழுசாக நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, காற்றை இறக்கி, அதற்கு ரொம்பக் கீழே ஒரு அளவில் வைத்தாள். காலில் ஒன்றரைக் கிலோ மணல் பையைக் கட்டி, நீட்டி மடக்கச் சொன்னாள்.

சிவபாலனுக்குச் சிரிப்பு வந்தது. முருகனைத் தூக்குகிறவனுக்கு ஒன்றரைக் கிலோவா? ஒரு பூசணிக்காய்கூட அதற்கு மேல் இருக்கும்.

"ஒங்க மூட்டு பெரிய பாரம் தாங்காதுண்ணா. பெரிய பாரம் இல்லன்னா தொட வளராது," என்றாள் தீபிகா. "அதனால பாரத்த கொறச்சிட்டு, திரும்பிப் போற ரத்தத்த கொஞ்சம் புடிச்சி வெக்கிறோம். தொட ஏதோ பெரிய மூட்டைய தூக்கிக்கினு இருக்கறதா நெனச்சிக்கும்."

"அப்ப தொடைய ஏமாத்தறோம்னு சொல்லும்மா."

"ஆமாண்ணா. இத்தினி மாசமா அது ஒங்கள ஏமாத்துச்சில்ல?"

முதலில் முப்பது தடவை. அரை நிமிஷம் ஓய்வு. அப்புறம் பதினைந்து, ஓய்வு, பதினைந்து, ஓய்வு, பதினைந்து. முதல் முப்பதை அவன் ஊர்க்கதை பேசிக்கொண்டே முடித்தான். முதல் பதினைந்தில் கதை நின்றது. இரண்டாவது பதினைந்தில் தொடைக்குள் யாரோ அடுப்பு மூட்டினார்கள். மூன்றாவதில் முருகனுக்கு உள்ள பேரையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பேர் தீர்ந்துபோய் அவர் அண்ணனைக் கூப்பிட ஆரம்பித்தான். தீபிகா காதிலேயே போட்டுக்கொள்ளாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். பட்டையைக் கழற்றியதும் கால் முழுக்கச் சூடாக ரத்தம் ஓடி இறங்கியது. அவன் அந்தப் பூசணிக்காய்ப் பையைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தான்.

மூன்றாம் முறை போனபோது அவனுக்குத் தறிக்காரப் புத்தி வேலை செய்தது. பட்டையை விரலால் சுண்டிப் பார்த்து, தொளதொளவென்று இருக்கிறது, இன்னும் இழுத்துக் கட்டினால் சீக்கிரம் ஆகுமே என்றான். தீபிகா முறைத்தாள். அவன் பாவு நூலை எப்படிப் பூட்டுவான் என்று கேட்டாள். தொளதொளத்தால் துணி வராது, அதிகமாக இழுத்தால் அறுந்துபோகும் என்று அவன் வாயாலேயே சொல்லவைத்தாள். அந்த அளவு உங்கள் கைக்குத் தெரியும், இந்த அளவு என் மெஷினுக்குத்தான் தெரியும், மேலே ஒரு சொட்டுக் காற்று ஏற்றமாட்டேன் என்று முடித்தாள். அதற்கப்புறம் அவன் பட்டையைச் சுண்டவில்லை.

வாரத்துக்கு மூன்று நாள் போனான். வீட்டில் தறியில் உட்கார்ந்தால் இடது காலாலும் மிதித்தான். ஐந்தாவது வாரம் டேப் மூன்று சென்டிமீட்டர்தான் குறைவு என்றது. எட்டாவது வாரம் ஒன்றரை. சங்கரிக்குப் பெருமை தாங்கவில்லை. ரத்தக்கட்டு என்று ஊரைக் கூட்டி அழுதவள் அவள்தானே, இப்போது அதே வாயால் ஊரைக் கூட்டிச் சொன்னாள். தொடையைக் கட்டிக்கொண்டு முப்பது, பதினைந்து, பதினைந்து, பதினைந்து என்று எண்ணினால் போதும், இரும்பாக ஆகிவிடும் என்று அண்ணன் வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். கிடைத்த சேதியை வைத்துக்கொண்டு லோகேஸ்வரன் நேராகக் கோயில் நிர்வாகம் பார்க்கிற பரமசிவத்திடம் போனான்.

மறுநாள் காலையில் பரமசிவம் சிவபாலன் வீட்டுக்கு வந்தார். காப்பியை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார். வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு. சாமி தூக்குகிற எட்டுப் பேருக்கும் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டுவார்கள். அது கட்டினபிறகு உடம்பில் வேறு கட்டு இருக்கக் கூடாது. மாவுக்கட்டோ, காயத்துக்குப் போட்ட கட்டோ, எதுவாக இருந்தாலும் காப்புக் கிடையாது. முன்னே ஒருத்தன் சுண்டுவிரலில் துணி சுற்றியிருந்ததற்கே அந்த வருஷம் திருப்பி அனுப்பினார்கள்.

"ஒரு ஒடம்புக்கு ஒரு கட்டுதாம்பா," என்றார் பரமசிவம். "நீ தொடையில இன்னா கட்டிக்கினாலும் வெள்ளிக்கெழமைக்குள்ள முடிச்சிக்கோ."

அதோடு விடவில்லை. லோகேஸ்வரனும் கேட்கிறான், போன வருஷம் தூக்கினவன் அவன், அதனால் வெள்ளிக்கிழமை காலையில் தண்டில் மணல் மூட்டை ஏற்றி இரண்டு பேரையும் முப்பது அடி மடங்கி நடக்கச் சொல்லப்போவதாகவும், நன்றாக நடக்கிறவனுக்குக் காப்பு என்றும் சொல்லிவிட்டுப் போனார். சிவபாலன் தன் இடது தொடையைத் தடவிப் பார்த்தான். பூசணிக்காயிலிருந்து மணல் மூட்டைக்கு ஒரே தாவலா?

புதன்கிழமை தீபிகா கடைசியாகப் பட்டை கட்டினாள். ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழச் சொன்னாள், படியேறி இறங்கச் சொன்னாள். கால் தாங்கும் என்றாள். கபடி மட்டும் வேண்டாம் என்றாள். அவனுக்கு நம்பிக்கை பாதி வந்தது, பாதி வரவில்லை. நிஜமான பாரத்தை அந்தக் கால் ஒரு வருஷத்துக்கு மேலாகத் தொட்டதே இல்லை.

வியாழக்கிழமை மதியம் தறியில் உட்கார்ந்திருந்தான். கை தன்பாட்டில் குறுக்கு நூல் நாடாவை ஓட்டியது, மனசு மேட்டுத் திருப்பத்தில் நின்றது. அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் காதில் விழுந்தது. அந்தச் சந்தில் பிறந்தவனுக்குத் தறிச் சத்தம் கேட்காது, தப்பாக ஓடினால்தான் கேட்கும். லோகேஸ்வரன் தறியில் மிதி மட்டும் தடக் தடக்கென்று போய்க்கொண்டிருந்தது. நாடா ஓடவில்லை. நூலை நெருக்குகிற பலகை அடிக்கவில்லை. நெய்யாமல் எவன் தறியை மிதிப்பான்? சிவபாலன் தன் தறியை நிறுத்தினான். அங்கேயும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தது. என்ன தோன்றியதோ, எண்ணிப் பார்த்தான். சரியாகப் பதினைந்து. நின்றது. மறுபடி ஆரம்பித்து, தடுமாறி, ஒன்பதில் நின்றது. அதற்கப்புறம் சத்தமே இல்லை.

"மாப்ள," என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெலிந்த குரல் வந்தது. "சங்கரிக்கு தெரியாம கொஞ்சம் வர்றியா?"

லோகேஸ்வரன் தறிக்குழிக்குள் விழுந்து மடங்கிக் கிடந்தான். மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள், வீட்டில் வேறு ஆள் இல்லை. இரண்டு தொடையிலும் பருத்திக் கயிறு. ஒரு காலுக்கு எட்டு வாரம் என்றால், இரண்டு காலையும் கட்டி, இரண்டு மடங்கு இழுத்து முடிந்தால் ஒரே மதியத்தில் ஆகிவிடும் என்று அவன் கணக்கு. நழுவாமல் இருக்கக் கட்டினபிறகு கயிற்றை நனைத்திருந்தான். பருத்திக் கயிறு நனைந்தால் இறுகும். அதிலும் போட்டிருந்தது தறிக்கார முடிச்சு, இழுக்க இழுக்க இன்னும் இறுகுமே தவிர அவிழாது. தொழில் சுத்தமாகத் தெரிந்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய ஆபத்து அது. கால் இரண்டும் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தன. அரை மணியாகிறது, கீழே கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று லோகேஸ்வரன் புலம்பினான்.

பொய் சொல்வானேன், ஒரு கணம் சிவபாலன் மனசில் நாளைக் காலை வந்து போயிற்று. போட்டிக்கு ஆளே இல்லாத காலை. அடுத்த கணம் அவனுக்கே அவன்மேல் அசிங்கமாக இருந்தது. நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு குழி ஓரத்தில் மண்டி போட்டான். கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. ஒரு பக்கம் சுலபமாக அறுந்தது. மறுபக்கம் கத்தரி வழுக்கித் தோலையும் சேர்த்துக் கீறியது. ரத்தம் திரும்ப ஓடினபோது லோகேஸ்வரன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

எழுந்து நிற்க அவனால் முடியவில்லை. எண்பத்துநாலு கிலோ ஆள். சிவபாலன் குழிக்குள் இறங்கினான். மச்சானின் கைகளைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, முதுகைக் கொடுத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி உட்கார்ந்தான். கால் தாங்குமா என்று யோசிக்க நேரம் இல்லை. எழுந்தான். அப்படியே இடது காலைத் தூக்கிக் குழிக்கு வெளியே மேலே வைத்தான். உடம்பு முழுக்க அந்த ஒரு காலின் மேல் வந்து நின்றது. தொடையில் அந்த அடுப்பு எரிந்தது. பழகின அடுப்புதான். பல்லைக் கடித்து மேலே ஏறி, மச்சானை முதுகில் சுமந்தபடியே சந்து முனை ஆட்டோ வரைக்கும் போனான்.

ஆட்டோவில் ஏறியதும் சிவபாலன் தீபிகாவுக்குப் போன் போட்டான். விஷயத்தைக் கேட்டதும் அவள் கத்த ஆரம்பித்தாள். லோகேஸ்வரன் காதில் வைத்தபோது போனைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளவேண்டியிருந்தது. அளவு பார்க்காமல் கட்டுவதற்குப் பேர் பயிற்சி இல்லை, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். போனார்கள். நல்ல நேரம், நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் ஓய்வு என்று சொல்லி, கயிறு அறுத்த இடத்திலும் கத்தரி கீறின இடத்திலும் மருந்து வைத்து, இரண்டு தொடையிலும் வெள்ளையாகக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் வாசலில் தண்டு தயாராக இருந்தது, மணல் மூட்டைகளும் இருந்தன. லோகேஸ்வரன் இரண்டு காலையும் அகட்டி அகட்டி நடந்து வந்தான். பரமசிவம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேட்டிக்குள் தெரிந்த கட்டைப் பார்த்தார். இது என்ன என்றார். சிவபாலன் தலையைக் குனிந்துகொண்டான். மச்சான் மானம் போகிற மாதிரி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வராது. தறிக்குழியில் வழுக்கி விழுந்தார் என்று முணுமுணுத்தான். ஒரு உடம்புக்கு ஒரு கட்டு, அதனால் லோகேஸ்வரனுக்குக் காப்பு இல்லை என்று பரமசிவம் தீர்ப்பைச் சொன்னார். சிவபாலனை மூட்டை ஏற்றின தண்டுக்குக் கீழே போகச் சொன்னார்.

லோகேஸ்வரன் அகட்டின காலோடு தண்டுக்கும் பரமசிவத்துக்கும் நடுவில் வந்து நின்றான்.

"மணல் மூட்ட எதுக்குங்க?" என்றான். "நேத்து என்னையே தறிக்குழியிலருந்து தூக்கி ஆட்டோ வரிக்கும் சொமந்துக்கினு போனாரு. நான் கட்டிக்கினது வீம்புக்கு. அவரு கட்டிக்கினது முருகனுக்கு. அவருக்கு கட்டுங்க காப்ப."

பரமசிவம் எதுவும் கேட்காமல் மஞ்சள் கயிற்றை எடுத்தார். சிவபாலன் கையை நீட்டினான். இடது காலை அழுத்தி ஊன்றி நின்றான்.

உத்திரத்தன்று காலை சாமி மூன்று தெரு சுற்றிச் சந்தின் முனைக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. இடது முன்னால் சிவபாலன். மேடு வந்தது. முழங்காலை மடக்கித் தோளைத் தாழ்த்தினான். பத்தடிவரை ஒன்றும் தெரியவில்லை. பதினைந்தில் தொடை எரிய ஆரம்பித்தது, இருபதில் கண் இருட்டியது. தோளில் மெத்தென்று ஆகிவிட்ட காய்ப்பு மறுபடி நசுங்கி வலித்தது. அப்போது காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. லோகேஸ்வரன் காலை அகட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்துகொண்டிருந்தான்.

"இருவத்தி மூணு. இருவத்தி நாலு. விடாத மாப்ள. இருவத்தி அஞ்சு."

சிவபாலன் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். முப்பது என்று சொன்னபோது தரை சமமாயிற்று. அவன் நிமிர்ந்தான். முருகன் ஒரு பக்கமும் சாயாமல் நேராக நின்றார்.

"இப்ப அர நிமிசம் ரெஸ்ட்டு," என்றான் லோகேஸ்வரன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

சாமி நின்ற இடம் சிவபாலன் வீட்டு வாசல். சங்கரி கற்பூரத் தட்டோடு வந்து முதலில் முருகனைப் பார்த்தாள், அப்புறம் தண்டுக்குக் கீழே நிற்கிறவனைப் பார்த்தாள். போன வருஷம் அவன் ஒளிந்து நின்ற கதவு அவளுக்குப் பின்னால் திறந்தே கிடந்தது, அதற்குப் பின்னால் யாரும் இல்லை.